ஏரியின் மேல் மூன்று மான்கள்

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. தங்கை அப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கிழவரின் முழங்கை மடிப்பில் ஊசியை இறக்கி, குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுப் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஊசி உள்ளே இருக்கும்போது எமனே கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். ஊசியை உருவி, பஞ்சை அழுத்தி, "கையை மடக்கிக்குங்க ஐயா" என்று சொல்லி, குழாயில் பெயரை ஒட்டிய பிறகுதான் எடுத்தாள்.

"டீச்சரோட தங்கச்சிங்களா?"

"ஆமா, சொல்லுங்க."

"நான் பூங்காவுல வனக்காவலருங்க. டீச்சருக்குக் கொஞ்சம் முடியாம போச்சு."

முப்பது வருடம் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கியவள் அவள். சுற்றி வளைக்கும் பேச்சு அவளிடம் எடுபடாது.

"இருக்காங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

 "இல்லம்மா. டீ கொண்டுட்டுப் போனேன். நாற்காலியில உக்காந்த மாதிரியே இருந்தாங்க. கையில பஞ்சு இருந்துச்சு. தூங்குறாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன்."

கிழவர் இன்னும் கையை மடக்கியபடி உட்கார்ந்திருந்தார். "போகலாமாம்மா?" என்று கேட்டார். போகலாம் என்று தலையாட்டினாள்.

அண்ணனுக்கு அவள்தான் சொன்னாள். அண்ணன் அழுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அழுகை ஓய்ந்த மறு நொடியே, "நான் அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், இந்த வயசுல காட்டுல என்னடி வேலைன்னு. என் பேச்சை யாரு கேட்டா?" என்று ஆரம்பித்தான். வாடகைக் கார் மலையடிவாரம் போய்ச் சேரும்வரை அவன் அதையேதான் வெவ்வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டு வந்தான். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா ஓவிய டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் என்றால் ஊருக்கு இளைத்தவர் என்று அர்த்தம். கணக்கு சார் வந்து, "பாடம் முடியல டீச்சர், உங்க பீரியடைக் குடுங்க" என்பார். அறிவியல் டீச்சர் வந்து, "ஒரு இதயம் வரைஞ்சு குடுங்களேன், பெருசா, நாலு அறையும் தெரியுற மாதிரி" என்பார். அக்கா தன் வகுப்பையும் கொடுப்பாள், இதயத்தையும் கொடுப்பாள். வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தில் கரண்டியைத்தான் தூக்கி எறிவாள். "இத்தனை வருஷத்துல நான் வரைஞ்ச இதயத்தை அடுக்கி வெச்சா ஒரு ஊருக்கே மாத்தி வெக்கலாம். எனக்குன்னு ஒரு மரம் வரைஞ்சிருக்கேனா?"

வரையாமல் இல்லை. மாடியில் இரண்டே அறை உள்ள வீடு அது. அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தங்கை கட்டியவனைச் சீக்கிரமே பறிகொடுத்துவிட்டு வந்து சேர்ந்தவள். ஒரு அறையில் இருவரும் படுப்பார்கள். மற்றதில் அக்காவின் படங்கள் சுவரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். சோற்றில்கூட வண்ணம் கரைக்கும் டர்பென்டைன் வாடை அடிக்கும். கறுப்பு வண்ணம் மட்டும் அக்கா வாங்கவே மாட்டாள். நீலத்தையும் பழுப்பையும் குழைத்தே கறுப்பைக் கொண்டுவருவாள். "கடைக் கறுப்பு செத்த கறுப்புடி. அதுக்குள்ள எதுவும் இருக்காது" என்பாள். வண்ணக் குழாயைப் பற்பசை போலக் கடைசிச் சொட்டுவரை பிதுக்கி, பிறகு கத்தரியால் வெட்டி உள்ளே வழித்து எடுப்பாள். யாருக்கும் ஒரு படம் தந்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அந்தத் தேசியப் பூங்காவுக்குத் தங்கி வரையும் ஓவியராக அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று மாதம் காட்டுக்குள் ஒரு வீடு, சாப்பாடு, துணைக்கு ஒரு வனக்காவலர். எதை வேண்டுமானாலும் வரையலாம். போகும்போது ஒரு படத்தைப் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அது மட்டும்தான் நிபந்தனை.

"கரும்பு தின்னக் கூலியா? கசக்குதா என்ன, போயிட்டு வா" என்று அப்போது சொன்னவனும் இதே அண்ணன்தான்.

அக்கா போனது கோடையில். காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. அதாவது, முன்பு இருந்தது. மேலே மலையில் பணக்கார விருந்தினர்களுக்கென்று ஒரு விடுதி கட்டி, ஓடையை அங்கேயே மறித்துவிட்டார்கள். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு சிமென்ட் தொட்டி. தினமும் ஒரு தண்ணீர் லாரி வந்து அதில் ரப்பர்க் குழாயைப் போட்டு நிரப்பும். லாரி வந்து போன தடம் ஏரியின் குறுக்கே ஆழமாகப் பதிந்திருந்தது. முன்பு கூட்டம் கூட்டமாக மான் வந்த இடம் என்று வனக்காவலர் சொன்னார். அக்கா இருந்த நாட்களில் ஒன்றுகூட வரவில்லை.

அவள் அதைத்தான் வரைந்தாள். ஒரு கதவளவு துணியில், வெடித்த மண்ணும் தொட்டியும் லாரித் தடமும். வேறு எதுவுமில்லை. தங்கை லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனபோது படம் முடிந்திருந்தது. படத்தின் முன் நின்றவள் திரும்பி, "அக்கா, குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். அதைவிடப் பெரிய பாராட்டு அக்காவுக்கு வாழ்நாளில் கிடைக்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு.

மறுநாள் பூங்கா அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பிரமாதம் டீச்சர். அந்த வெடிப்பெல்லாம் தொட்டாக் கையில குத்தும்போல இருக்கு. ஆனா யாரு இருக்கா இதுல?"

"யாரும் இல்ல சார்."

"அதைத்தான் கேக்குறேன். பூங்காவுக்கு வர்றவங்க பிள்ளைகுட்டியோட வர்றாங்க. வாசல்லயே இதைப் பாத்தா மனசு விட்டுப்போயிராதா? ஒரு மூணு மான் போட்டுக் குடுத்திருங்க. தொட்டிகிட்ட நிக்குற மாதிரி."

"நான் இருந்த வரைக்கும் ஒரு மானும் வரலையே சார்."

"அட, படத்துக்கு வரக்கூடாதா?" என்று அவரே சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "சரி, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா விட்டுருங்க. நம்ம போர்டு எழுதுறவரு இருக்காரு. கழிப்பறைக்கு அம்புக்குறியெல்லாம் அவருதான் போட்டாரு. நல்ல கை. அவரை விட்டுப் போட்டுக்கிறேன்."

அவர் மிரட்டவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அக்காவின் முகம் மட்டும் சுண்டிப்போயிற்று. போர்டு எழுதுபவரின் இரும்புக் கதவுப் பெயின்ட் அந்த மண்ணில் ஒருமுறை ஊறிவிட்டால் பிறகு பிரம்மனாலும் பிரிக்க முடியாது. அவள் உடனே, "வேண்டாம் சார், நானே போட்டுக் குடுக்குறேன்" என்றாள்.

அவர் போன பிறகு அவள் செய்ததைத் தங்கை பக்கத்தில் இருந்து பார்த்தாள். பளபளப்புக்கு அடிக்கும் பூச்சுப் புட்டியை எடுத்து, அகலத் தூரிகையால் ஏரியின் மேல் ஒரு பூச்சுக் கொடுத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"கண்ணாடி போட்டு மூடுற மாதிரின்னு வெச்சுக்கோ. மான் இந்தப் பூச்சு மேலதான் நிக்கும், ஏரியில நிக்காது. என்னைக்காவது பஞ்சுல டர்பென்டைனைத் தொட்டுத் துடைச்சா பூச்சோட சேந்து மானும் வந்துரும். அடியில ஏரி அப்படியே இருக்கும்."

"எப்பத் துடைப்ப?"

"இந்த ஆளு மாறிப் போகட்டும்."

புட்டி சிறியது. வலதுபக்க ஓரத்துக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. டர்பென்டைனை ஊற்றி நீர்க்க அடித்து ஒப்பேற்றினாள். நகரத்துக்குப் போய் இன்னொன்று வாங்கி வரலாம் என்றாள் தங்கை. "அதெல்லாம் போதும்டி" என்றாள் அக்கா. இரண்டு நாள் காயவைத்து மான்களைப் போட்டாள். ஏரிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று மானுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்.

அந்த மான்கள் பிழைத்துக்கொண்டன. நுழைவுச் சீட்டில் ஏறின. வாசல் கடையில் விற்கும் கோப்பையில், சாவிக்கொத்தில், பிள்ளைகளின் தொப்பியில் ஏறின. கோப்பையில் அச்சடித்தவன் மான்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, கீழே பச்சையாகப் புல் போட்டிருந்தான். அக்காவைத் தெருவில் எல்லோரும் மான் டீச்சர் என்றார்கள். இதயம் வரையச் சொன்ன அறிவியல் டீச்சர் வீடு தேடி வந்து, "உங்களுக்குள்ள இப்படி ஒரு திறமை இருக்கும்னு நினைக்கவே இல்ல டீச்சர், என்ன ஒரு கண்ணு அந்த மானுக்கு!" என்றார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் படியிறங்கியதும் டம்ளரைக் கழுவாமல் குப்பையில் போட்டாள்.

"மூணே மானு. பேரு எங்கேயோ போயிருச்சு" என்பான் அண்ணன், யார் வந்தாலும். "நாலாவதா ஒண்ணு போட்டிருந்தா மந்திரி ஆகியிருப்பா!"

அவள் அதன் பிறகு எந்த மிருகத்தையும் வரையவில்லை. போகப் போக மற்றதும் குறைந்தது. அந்த அதிகாரி மாறிப் போனார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார். ஒவ்வொரு முறையும் அக்கா நேரில் போய், மானை எடுத்துவிட அனுமதி கேட்டாள். "எல்லாரும் ஆசையா பாக்குற படம்மா, அதுல எதுக்குக் கை வெக்கிறீங்க?" என்றார் ஒருவர். "அது இப்ப உங்க படமே இல்லம்மா, பூங்காவோட சொத்து" என்றார் இன்னொருவர். இரண்டுமே உண்மைதான். அதுதான் அவளை அரித்தது. பதினோரு வருடம் அரித்தது. சாப்பிட உட்கார்ந்தவள் திடீரென்று, "அந்த ஏரிய உன்னையும் காவலரையும் அந்த அதிகாரியையும் தவிர யாருடி பாத்தா?" என்பாள். தங்கை தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "சோறு ஆறுது, சாப்பிடு" என்பாள்.

போன மாதம் புது அதிகாரி தானாகவே கூப்பிட்டார். புதிதாக ஒரு கூடம் கட்டியிருக்கிறார்களாம். திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். மான்களின் நிறம் மங்கிவிட்டதால் வந்து மெருகேற்றித் தர வேண்டுமாம். "கண்டிப்பா வரேன் சார். அது என் கடமை இல்லையா" என்று அக்கா சொன்ன குரலைக் கேட்டு, அடுப்படியில் இருந்த தங்கை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பேச்சுல தேன் ஒழுகுது?"

"மானுக்கு மெருகேத்தணுமாம்."

"ஏத்தப் போறியா?"

"எடுக்கப் போறேன். மூணையும். துணி போட்டு மூடி வெச்சிருவேன். விழா அன்னைக்கு வர்ற பெரிய மனுஷன் துணிய விலக்கட்டும். அத்தனை பேரும் ஏரியப் பாக்கட்டும். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணிக்கட்டும். ஒரு நாள் போதும்டி எனக்கு."

"கண்டுபிடிச்சுட்டா?"

"பிடிச்சா என்ன, பீரியடைப் பிடுங்குவானா? அதான் ஏற்கெனவே எல்லாரும் பிடுங்கியாச்சே."

சாவதற்கு முந்தைய நாள் மாலை கூப்பிட்டுப் பேசினாள். குரலில் அப்படி ஒரு துள்ளலைத் தங்கை கேட்டதே இல்லை. "ரெண்டு போயாச்சு! பஞ்சுல மான் மட்டும்தான் வருது, ஏரி அசையவே இல்ல. தொட்டியோட ஓரம், லாரித் தடம், எல்லாம் போட்ட மாதிரியே இருக்கு. வலது கோடியில நிக்குதே, அதுதான் பயமா இருக்கு. தலையை மட்டும் எடுத்திருக்கேன். அங்க பூச்சை நீர்க்க அடிச்சேன் பாரு, அப்பவே நீ சொன்ன, இன்னொரு புட்டி வாங்குன்னு."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? மெதுவாப் பண்ணு."

"பண்ணிருவேன், பண்ணிருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உடலை அடிவார நகரத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். டாக்டர் மாலையில்தான் கையெழுத்துப் போடுவார் என்றார்கள். தங்கை போய்ப் பார்த்தாள். அக்காவின் நகக்கண்களில் பழுப்பு ஏறியிருந்தது. மானின் பழுப்பு. அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். அக்காவின் துணிமணியை எடுத்து வருகிறேன் என்று தங்கை பூங்காவுக்குப் புறப்பட்டாள். உடலோடு ஆஸ்பத்திரி வண்டி பூங்காவுக்கே வந்து அவளையும் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

புது அதிகாரி வாசலிலேயே நின்றிருந்தார். கை கூப்பினார். ஆறுதல் சொன்னார். கொஞ்சம் தயங்கிப் பிறகு, "அம்மா, துக்க நேரத்துல கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. படத்துல ரெண்டு மானைக் காணோம்" என்றார்.

தங்கை அவரைப் பார்த்தாள்.

"மூணாவதுக்கும் தலையக் காணோம். டீச்சருக்குக் கடைசியில ஞாபகம் ஏதும் பிசகிருச்சுங்களா? அழிச்சு வெச்சிருக்காங்க. நாளன்னைக்கு விழா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"உங்க ஏரிக்கு வந்த மானெல்லாம் எங்கன்னு தெரியல. அதை யாரும் இப்படித் தேடினதா நான் கேள்விப்படல சார்."

அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. அல்லது புரிந்தும், துக்கத்தில் இருப்பவளிடம் எதற்கு என்று விட்டிருக்கலாம். "நீங்க வரைவீங்களாம்மா? கூடப் பொறந்தவங்களாச்சே" என்றார்.

"நான் ரத்தம் எடுக்குறவ சார்."

"சரி, பரவால்ல. போர்டு எழுதுறவரு காலையில வந்துருவாரு. கடையில இருந்து ஒரு கோப்பைய எடுத்துக் குடுத்திருக்கேன், அதைப் பாத்துப் போட்டுருவாரு. நல்ல கை அவருக்கு."

காட்டு வீட்டின் கதவை வனக்காவலர் திறந்துவிட்டார். தலை நரைத்துவிட்டிருந்தது அவருக்கு. "எடுக்க வேண்டியதை எடுத்துக்குங்கம்மா. நான் வெளியிலதான் இருக்கேன், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

படம் சுவரில் சாய்ந்து நின்றது. முன்னால் அக்காவின் நாற்காலி. தரையெல்லாம் பழுப்புப் பஞ்சு. இடதிலும் நடுவிலும் மான்கள் நின்ற இடத்தில் ஏரி வெளியே வந்திருந்தது. சுற்றியுள்ள இடமெல்லாம் பழைய பூச்சில் மஞ்சளடித்துக் கிடக்க, அந்த இரண்டு இடங்கள் மட்டும் நேற்று வெடித்த மண் போல இருந்தன. வலது கோடியில் தலையில்லாத ஒரு மான். பார்க்கச் சகிக்கவில்லை.

பஞ்சு அவளுக்கும் தொழில்தான். டர்பென்டைனில் தொட்டு, மானின் கழுத்தில் வைத்து, ஊசி போடும் முன் தோலைத் துடைப்பது போல மெல்ல உருட்டினாள். பஞ்சு பழுப்பானது. திருப்பி உருட்டினாள். மீண்டும் பழுப்பு. மூன்றாவது உருட்டலில் பஞ்சின் நுனியில் சாம்பல் நிறம் வந்தது. மானில் சாம்பல் நிறமே கிடையாது. அது ஏரியின் நிறம்.

கையை எடுத்துவிட்டாள். அக்காவாக இருந்தால் இதற்கு ஒரு வழி தெரிந்திருக்கும். தெரியாமலும் இருந்திருக்கலாம், அதற்காகத்தான் தலையோடு நிறுத்தினாளோ என்னவோ. கேட்க ஆளில்லை. பஞ்சைக் கீழே போட்டாள். மற்ற பஞ்சுகளோடு அதுவும் கிடந்தது.

எடுப்பது நடக்காது. காலையில் போர்டு எழுதுபவர் வந்துவிடுவார், கோப்பையும் கையுமாக. இடதிலும் நடுவிலும், வலதில் தலை இருந்த இடத்திலும் வெளியே வந்திருக்கும் ஏரியின் மேல் இப்போது பூச்சு எதுவுமில்லை. அவர் போடும் பெயின்ட் நேராக மண்ணில்தான் இறங்கும். அக்கா இரண்டு மானை எடுத்ததே, அவற்றுக்குப் பதில் பிரிக்கவே முடியாத இரண்டு மானை நிறுத்துவதற்கு என்றாகிவிடும்.

மேசையில் பூச்சுப் புட்டி இருந்தது. புதியது, பெரியது; ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும் என்று மேலே எழுதியிருந்தது. எல்லாம் முடிந்தபின் அடிப்பதற்கென்று வாங்கி வைத்திருக்கிறாள். தங்கை மூடியைத் திருகித் திறந்து, அகலத் தூரிகையை நனைத்து, இடப்பக்கத்தில் தொடங்கினாள். அவளுக்குத் தூரிகை பிடித்துப் பழக்கமில்லை. ஒரு முடி உதிர்ந்து மண்ணில் ஒட்டிக்கொண்டது, நகத்தால் எடுத்தாள். மேலிருந்து கீழ், மேலிருந்து கீழ். அழுகை வரவில்லை. ஒருவேளை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடப்பக்கம் முடிந்தது. வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்து, விட்டுப்போன இடம் எதுவுமில்லை என்று பார்த்துக்கொண்டாள். நடுவில் பாதி தாண்டியபோது வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. உடனே அண்ணனின் குரல்.

"அங்க என்னடி பண்ற? அக்காவ வண்டியில வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"ரெண்டே நிமிஷம்ண்ணா!"

"டிரைவர் கத்துறாரு. பொட்டு நேரம் நிக்க மாட்டாராம். வா முதல்ல!"

கதவு தட்டப்பட்டது. அதிகாரியின் குரலும் சேர்ந்து கேட்டது, "ஏதும் உதவி வேணுமாம்மா?" என்று. அவர் உள்ளே வந்து பார்ப்பதற்குள் அவள் தூரிகையை அக்காவின் துணிப்பைக்குள் செருகினாள். புட்டியை மூடி மேசையில் வைத்தாள். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

வலது கோடியில் தூரிகை படவே இல்லை. நடு மான் நின்ற இடத்தில், லாரித் தடம் தொட்டியைத் தொடும் பகுதி ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சில்லாமல் விட்டுப்போயிற்று.